வீட்டுக்குக் கணினி: வன்னியில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரந்தனில் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிப்பிக்கிறேன். மாலை வேளைகளில் ஊராரின் கணினிகளைத் திறந்து பார்த்துத் திருத்திக் கொடுப்பதும் உண்டு. கேள்விகள் எப்போதும் அவையேதான், கேட்பவர்கள்தான் மாறுகிறார்கள். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போன இடத்தில்கூட ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கைத்தொலைபேசியில் ஒரு மடிக்கணினியின் படத்தைக் காட்டி, "இதை எடுக்கலாமா?" என்று கேட்டார். அன்றுதான் இவற்றை எழுதிவைப்பது என்று முடிவெடுத்தேன்.

கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலிருந்தே எடுத்து, எழுத்து நடைக்கு மாற்றியிருக்கிறேன். விலைகளை எழுதவில்லை. டொலர் ஏறினால் அடுத்த மாதமே அவை பொய்யாகிவிடும்.

சேர், மகள் உயர்தரத்துக்கு உங்கள் பாடத்தை எடுக்கிறாள். எப்படியான கணினி வாங்கலாம்?

8 ஜிபி ரேம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்), 256 ஜிபி எஸ்.எஸ்.டி. (கோப்புகளை வைத்திருக்கும், சுழலாத வேகச் சேமிப்பகம்), விண்டோஸ் 11 ஏற்கும் செயலி (புரொசெசர்). இவ்வளவும் இருந்தால் போதும். பாடத்திட்டத்தில் உள்ள பைதன் நிரல்மொழி, தரவுத்தளம், இணையப் பக்கம் செய்தல் எல்லாம் இதில் தாராளமாக ஓடும். 'ஐ7 எடுங்கள், பிள்ளையின் எதிர்காலம்' என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு ஐ3, ஐ5 செயலி உள்ளவை அடுக்கியிருக்கும் பக்கம் திரும்புங்கள்.

சுழலும் வன்தட்டு மட்டுமே உள்ள கணினியை எடுக்காதீர்கள். பெயருக்கு 1000 ஜிபி இருக்கும். ஆனால் சுவிட்சைப் போட்டுவிட்டுத் தேநீர் வைத்துக் குடித்து முடித்தாலும் அது இன்னும் விழித்திருக்காது. எஸ்.எஸ்.டி. உள்ள பழைய கணினி, வன்தட்டு உள்ள புதிய கணினியை முந்திவிடும் என்பதைப் பலமுறை கண்ணால் கண்டிருக்கிறேன்.

விலை கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: 'இதற்கு எந்த ஆண்டு வரை புதுப்பிப்பு (அப்டேட்) வரும்?' இதுவரை என்னிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. கடைக்காரரிடமும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கீழே வரும் பல பதில்கள் இந்தக் கேள்விக்கே திரும்பி வரும்.

மேசையில் வைப்பதா, லாப்டொப்பா? எங்கள் பக்கத்துக்கு எது தோது?

மின்சாரத்தை நினைத்தால் மடிக்கணினி. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அது போகட்டும், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருண்டது என்று அமைச்சரே சொன்னார். பாணந்துறைக் குரங்குக்கு எங்கள் ஊர் மேசைக்கணினியும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆனாலும் மேசைக்கணினிக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. எந்தப் பாகம் பழுதானாலும் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். மடிக்கணினியின் விசைப்பலகையில் தண்ணீர் ஊற்றினால் முழுவதையும் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ பஸ் ஏற வேண்டிவரலாம். வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒரே கணினி என்றால் நான் மேசைக்கணினியும் ஒரு யூ.பி.எஸ்.உம் (மின்சாரம் போனதும் சற்று நேரம் தாங்கும் மின்கலப் பெட்டி) என்றே சொல்வேன். விடுதியில் தங்கிப் படிக்கப் போகும் பிள்ளை என்றால் யோசிக்க ஒன்றுமில்லை, மடிக்கணினிதான்.

யூ.பி.எஸ். இருந்தால் இடி மின்னலுக்குப் பயமில்லைத்தானே?

பயம் இருக்க வேண்டும். வீட்டுக்கு வாங்கும் சிறிய யூ.பி.எஸ். கோப்பைச் சேமித்துக் கணினியை ஒழுங்காக நிறுத்தச் சில நிமிடங்கள் தரும். மின்னழுத்தம் சற்று ஏறி இறங்கினாலும் தாங்கும். அருகில் விழும் மின்னலை அது தடுக்காது.

சித்திரை வெயிலுக்குப் பின் மத்தியானம் இருட்டிக்கொண்டு வரும்போதும், ஐப்பசியில் மாரி தொடங்கும்போதும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: சுவிட்சை அணைப்பதோடு நில்லாமல், செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். பலர் இதைச் செய்துவிட்டு றவுட்டரை மறந்துவிடுகிறார்கள். கூரைக்கு மேல் அன்டெனா வைத்து, அதிலிருந்து றவுட்டருக்கும், றவுட்டரிலிருந்து கணினிக்கும் வயர் ஓடும் வீடுகள் எங்களூரில் நிறைய. அந்த வயர் வழியாக வந்த மின்னலால் கருகிய மூன்று மதர்போர்டுகள் (கணினியின் முதன்மைப் பலகைகள்) என் மேசைக்கடியில் கிடக்கின்றன.

கணினிப் பெட்டியைத் தொட்டால் கை விறுவிறுக்கிறது. தம்பி, இது சாதாரணமா?

இல்லை. பெட்டிக்குப் புவித்தொடர்பு கிடைக்கவில்லை. பெரும்பாலும் காரணம் சுவரிலேயே இருக்கும். சதுரத் துளைச் செருகிடத்தில், மேல் துளைக்குள் பேனையைச் செருகித் திறந்துகொண்டு இரண்டு முள் செருகியைத் தள்ளும் பழக்கம் எங்கள் வீடுகளில் இருக்கிறது. தொலைபேசி சார்ஜருக்கு அதனால் பெரிய கேடில்லை. கணினிக்கு மூன்றாவது முள் வேண்டும்.

முள் சரியாக இருந்தும் விறுவிறுத்தால், வீட்டுக்கு வெளியே நிலத்தில் இறக்கிய புவிக்கம்பியைப் பார்க்க வேண்டும். ஆவணியில் நிலம் வெடித்துக் காய்ந்து கிடக்கும்போது அந்தக் கம்பி இருந்தும் இல்லாத மாதிரித்தான். மின்னிணைப்பாளர் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். இது கணினி பார்ப்பவரின் வேலை இல்லை.

கனடாவில் இருந்து சித்தப்பா ஒன்று கொண்டுவந்து தருகிறாராம். இங்கே வேலை செய்யுமா?

மடிக்கணினி என்றால் சார்ஜரின் அடியில் உள்ள சிறிய எழுத்தைப் படியுங்கள். 'இன்புட் 100–240 வோல்ட்' என்று இருந்தால் அங்குள்ள 120 வோல்ட்டுக்கும் இங்குள்ள 230க்கும் பொதுவானது. அநேகமாக அப்படித்தான் இருக்கும். செருகி பொருந்தாவிட்டால் அடப்டர் தேடி அலைய வேண்டாம். சார்ஜரிலிருந்து சுவருக்குப் போகும் வயர் கழன்று வரும். அந்த வயரை மட்டும் இங்கே வாங்கினால் போதும்.

மேசைக்கணினி என்றால் பொறுங்கள். சில பழைய பெட்டிகளின் பின்புறத்தில், மின்சார வயர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில், விரல் நகத்தளவு சிவப்புச் சுவிட்ச் ஒன்று இருக்கும். அதில் 115 என்று தெரிந்தால் செருகாதீர்கள். சுவிட்சைத் தள்ளி 230 தெரியவைத்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். தெரியாமல் செருகியவர்கள் 'டப்' என்று ஒரு சத்தத்தையும் கருகல் மணத்தையும் பற்றிச் சொல்வார்கள்.

வேறு மூன்று விஷயங்களைச் சித்தப்பாவிடம் முன்பே கேட்டுவிடுங்கள். அவர் வேலை செய்த கொம்பனி கொடுத்த கணினியா? அப்படியானால் விண்டோஸைப் புதிதாக நிறுவினாலும் கொம்பனியின் கணக்கைக் கேட்டு மறிக்கக்கூடும், அதை விடுவித்துத் தர வேண்டும். விண்டோஸ் இல்லாமல் கூகுளின் மென்பொருளில் ஓடும் குரோம்புக்கா? ஒவ்வொரு மாதிரிக்கும் புதுப்பிப்பு முடியும் திகதி குறித்திருக்கும், அதைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். சித்தப்பா பிரான்சிலோ சுவிசிலோ இருந்தால் விசைப்பலகையையும் கேளுங்கள். பிரெஞ்சு விசைப்பலகையில் 'ஏ' இருக்கும் இடத்தில் 'கியூ' இருக்கும், சுவிஸ் விசைப்பலகையில் 'வை'யும் 'இசட்'டும் இடம் மாறியிருக்கும். தட்டச்சுப் பழகும் பிள்ளைக்கு அது பெரும் தொல்லை.

பாவித்தது ஒன்று பார்த்திருக்கிறேன். ஐ5 என்று ஒட்டியிருக்கிறது. நல்லதுதானே?

ஐ5 என்பது குடும்பப் பெயர். எந்தத் தலைமுறை என்று பார்க்க வேண்டும். ஒட்டியிருக்கும் தாளை நம்பாமல் கணினியை இயக்கி, அமைப்புகளில் 'அபௌட்' பகுதியைத் திறவுங்கள். செயலியின் முழுப்பெயர் அங்கே தெரியும். ஐ5-6500 என்றால் ஆறாம் தலைமுறை, ஐ5-8500 என்றால் எட்டாம் தலைமுறை, ஐ5-10400 என்றால் பத்தாம் தலைமுறை. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்து, ஏ.எம்.டி. ரைசன் என்றால் 3000 வரிசையிலிருந்து எடுப்பது பாதுகாப்பு. கூடவே டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். இந்தத் தலைமுறைகளில் அநேகமாக அது இருக்கும்.

கடைகளில் மலிவாகக் குவிந்திருப்பவை நான்காம், ஆறாம் தலைமுறைகள். வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினிகள் அவை. இரும்பில் குறை சொல்ல முடியாது, உறுதியான பெட்டிகள். ஆனால் முதல் பதிலில் சொன்ன கேள்வியை அங்கே கேட்டுப் பாருங்கள். அவற்றுக்கு உரிய விண்டோஸ் 10இன் காலத்தை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14உடன் முடித்துவிட்டது. காலாவதித் திகதி கடந்த பால்மாப் பெட்டியை விலை குறைத்துத் தருகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். என்ன செய்யலாம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கடையிலேயே அரை மணி நேரம் உட்காருங்கள். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு ஒரு காணொளியை ஓட விட்டால் மின்கலத்தின் உண்மை வெளிப்படும். எல்லா விசைகளையும் ஒருமுறை தட்டுங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் கொண்டுபோனால் எஸ்.எஸ்.டி. எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு தேய்ந்தது என்று காட்டும். இதையெல்லாம் செய்யவிடாமல் அவசரப்படுத்தும் கடையில் வாங்காதீர்கள். பற்றுச்சீட்டில் தொடர் இலக்கத்தையும் உத்தரவாதக் காலத்தையும் எழுதி வாங்குங்கள். எழுதித் தந்ததை மறுத்தால் 1977 என்ற இலக்கத்தில் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம்.

இந்த அப்டேட் என்பது என்ன? போடாவிட்டால் என்ன வந்துவிடும்?

மென்பொருள் செய்தவர்கள் தாங்கள் விட்ட ஓட்டைகளைக் கண்டுபிடித்து அடைப்பதுதான் பெரும்பாலான புதுப்பிப்புகள். புதிய வசதி வருவது இரண்டாம் பட்சம். மைக்ரோசொப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை இவற்றை வெளியிடுகிறது. அமெரிக்க நேரம் என்பதால் எங்களுக்கு வந்துசேரப் புதன் ஆகிவிடும்.

போடாவிட்டால் என்ன வரும் என்பதற்கு 2017ஐப் பாருங்கள். விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பு மார்ச் 14ஆம் திகதி வந்தது. சரியாக இரண்டு மாதம் ஆகும் முன், மே 12ஆம் திகதி, வொன்னாகிரை என்ற தீநிரல் அதே ஓட்டை வழியாக 150 நாடுகளுக்கு மேல் புகுந்து கோப்புகளைப் பூட்டிவிட்டுக் காசு கேட்டது. இங்கிலாந்தின் அரச மருத்துவமனைகள் நோயாளரைத் திருப்பி அனுப்பின. அடைப்பைப் போட்டிருந்த கணினிகளுக்குள் அந்த ஓட்டை வழியாக அது நுழைய முடியவில்லை. ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பு வெளியானதும் கள்ளனுக்கும் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடுகிறது. அதனால்தான் தாமதிப்பது ஆபத்து.

டேட்டா முழுவதையும் அப்டேட் தின்றுவிடுகிறது. நிறுத்திவைத்திருக்கிறேன், சரிதானே?

முழுதாக நிறுத்துவது தவறு, உங்கள் கோபம் நியாயம். கைத்தொலைபேசி ஹொட்ஸ்பொட்டில் இணைத்தால் விண்டோஸுக்கு அது சாதாரண வைஃபையாகவே தெரியும். ஃபைபர் இணைப்பு என்று நினைத்து இழுத்துத் தள்ளும். மாதப் பொதி இரண்டே நாளில் முடிந்து, பிள்ளை சூம் வகுப்பில் பாதியில் அறுந்துபோன கதைகளை நிறையக் கேட்டிருக்கிறேன்.

வைஃபை அமைப்புகளில் உங்கள் இணைப்பைத் திறந்து, 'மீட்டர்ட் கனெக்‌ஷன்' என்பதை இயக்குங்கள். அதன் பின் பெரிய பதிவிறக்கங்கள் உங்களைக் கேட்காமல் தொடங்கா. ஆனால் அதோடு மறந்துவிடக் கூடாது. மாதத்தின் இரண்டாவது செவ்வாய் கழிந்தபின் ஒரு நாளைக் குறித்து, அன்று நீங்களே பதிவிறக்குங்கள். இரவுக்குத் தனி டேட்டா தரும் பொதி என்றால் நள்ளிரவுக்குப் பின் போட்டுவிட்டுப் படுக்கலாம். வீட்டில் இரண்டு கணினிகள் இருந்தால் 'டெலிவரி ஒப்டிமைசேஷன்' பகுதியில் வீட்டு வலையமைப்பை மட்டும் அனுமதியுங்கள். ஒன்று இறக்கியதை மற்றது அதனிடமிருந்து வாங்கிக்கொள்ளும்.

அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. கணினி போச்சா?

பெரும்பாலும் இல்லை. மின்சாரம் வந்ததும் இயக்கினால் விண்டோஸ் விட்ட இடத்தில் தொடரும், அல்லது செய்த மாற்றங்களைக் கழற்றிப் பழைய நிலைக்குத் திரும்பும். எஸ்.எஸ்.டி. இல்லாத கணினியில் இதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் எடுக்கலாம். நீல வட்டம் சுற்றுகிறதே என்று பயந்து பொத்தானை அழுத்தி அணைப்பவர்கள்தான் உண்மையில் கெடுப்பவர்கள்.

ஒன்றே ஒன்று விதிவிலக்கு: பயோஸ். மதர்போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள் அது. அதைப் புதுப்பிக்கும்போது மின்சாரம் போனால் கணினி திரும்ப எழாமலே போகலாம். மேசைக்கணினியில் யூ.பி.எஸ். இல்லாமல் அதைத் தொடவே வேண்டாம். மடிக்கணினியில் மின்கலம் நிறைந்திருக்க வேண்டும், சார்ஜரும் செருகியிருக்க வேண்டும்.

2024இல் அப்டேட் போட்டதால்தானே உலகம் முழுவதும் விமானங்கள் நின்றன? அப்படியானால் போடாமல் இருந்தவன்தானே புத்திசாலி?

இதைக் கேட்டவர் ஓர் ஓய்வுபெற்ற அதிபர். நல்ல கேள்வி. 2024 ஜூலை 19ஆம் திகதி நடந்தது அது. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் பிழையான ஒரு கோப்பை அனுப்பியதால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. அனுப்பியது மைக்ரோசொப்ட் இல்லை. அந்த மென்பொருளைப் பாவிப்பவை பெரிய நிறுவனங்கள், உங்கள் வீட்டுக் கணினியில் அது இருக்காது.

இருந்தாலும் மைக்ரோசொப்ட்டின் மாதப் புதுப்பிப்புகளும் சிலவேளை அச்சுப்பொறியைக் கெடுத்திருக்கின்றன, அதை மறைக்க மாட்டேன். நான் வந்த அன்றே போடுவதில்லை, மூன்று நான்கு நாள் பொறுத்துப் போடுகிறேன். விண்டோஸ் 11இல் ஐந்து வாரம் வரை தள்ளிவைக்கலாம். நாட்கணக்கில் பொறுப்பது நிதானம், மாதக்கணக்கில் பொறுத்தால் 2017இன் கதைதான்.

என் கணினி விண்டோஸ் 10. ஏழாம் தலைமுறை. எறிந்துவிடவா?

வேண்டாம். வீட்டுப் பாவனையாளர் பதிவு செய்தால் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை 2026 ஒக்டோபர் 13 வரை தருவதாக மைக்ரோசொப்ட் அறிவித்தது. அமைப்புகளை மைக்ரோசொப்ட் கணக்கோடு ஒத்திசைத்தால் அதற்குக் காசு இல்லை. விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதற்கான இணைப்பு தோன்றும்.

அதற்கப்பால், விண்டோஸுக்குப் பதிலாக நிறுவும் இயங்குதளமான லினக்ஸ் மின்ட் என்பதே என் பதில். 4 ஜிபி ரேமிலும் நடமாடும், காசு இல்லை, ஒரு பதிப்புக்கு ஐந்து ஆண்டு புதுப்பிப்பு உண்டு. கடிதம், கணக்கு அட்டவணை செய்ய லிப்ரே ஒஃபிஸ் கூடவே வரும். பைதன் படிக்கும் பிள்ளைக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. எதையோ செய்து விண்டோஸ் 11ஐ ஏற்றித் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். ஏறும், ஓடும். ஆனால் தகுதியில்லாத கணினிக்குப் புதுப்பிப்பு வரும் என்று மைக்ரோசொப்ட் உறுதி தரவில்லை, நாங்கள் தேடுவதோ அந்த உறுதியைத்தான்.

லினக்சுக்கு மாறினால் பாமினியில் தட்டிய பழைய கடிதங்கள் என்ன ஆகும்?

பாமினி எழுத்துருக் கோப்பை அங்கேயும் நிறுவினால் திறக்கும். ஆனால் பாமினியின் குணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் 'அம்மா' என்று தட்டும்போது கணினிக்குள் பதிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில எழுத்துகளே. அவற்றுக்குத் தமிழ் உடுப்பைப் போட்டுக் காட்டுவது எழுத்துரு. அது இல்லாத கணினியில் உடுப்புக் கழன்றுவிடும். சங்கக் கூட்ட அறிக்கை முழுதும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிந்து ஒரு செயலாளர் வைரஸ் என்று பதறி ஓடி வந்தார்.

புதிதாக எழுதுபவற்றை, எந்தக் கணினியும் தமிழாகவே அறியும் யூனிகோடில் எழுதுங்கள். விண்டோஸ் 11இலேயே தமிழ்99 விசைப்பலகை உண்டு. பழையவற்றை மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இருக்கின்றன.

கடையில் எல்லா சொப்ட்வெயரும் 'ஃபுல் வேர்ஷன்' போட்டுத் தந்தார்கள். பிறகு ஏன் அப்டேட் போடாதே என்கிறார்கள்?

பூட்டை உடைத்துப் போட்டதால். புதுப்பித்தால் உடைத்தது தெரிந்துவிடும் என்று பயம். நானும் மாணவனாக இருந்தபோது ஒரு கடையில் இப்படி வாங்கினேன். அந்த உடைப்பு நிரலை ஓடவிடுவதற்காக, விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபென்டரை அணைத்து வைத்திருந்தார்கள் என்பது ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் என் மின்னஞ்சல் கணக்கு கைமாறியிருந்தது.

அலுவலகங்களிலிருந்து வரும் பாவித்த கணினிகளில் பெரும்பாலும் விண்டோஸ் உரிமம் மதர்போர்டோடு சேர்ந்தே வரும். அதே பதிப்பை மைக்ரோசொப்ட்டின் தளத்திலிருந்து இறக்கி நிறுவினால், இணையத்தில் இணைந்ததும் தானாக இயங்கிவிடும். உடைக்க வேண்டிய தேவையே இல்லை. வைரஸ் தடுப்புக்கும் டிஃபென்டர் போதும். போட்டோகொப்பிக் கடைக்குப் போய்வந்த பென்டிரைவில் உங்கள் கோப்புறைகள் எல்லாம் குறுக்குவழிகளாக மாறியிருந்தால், எதையும் இரட்டைச் சொடுக்குப் போடாமல் முதலில் டிஃபென்டரால் அலசுங்கள். கோப்புகள் மறைக்கப்பட்டிருக்கும், அழிந்திருக்காது. உலாவியையும் மறக்காதீர்கள். விண்டோஸ் 7, 8.1 இரண்டுக்கும் குரோம் 2023 பெப்ரவரியோடு புதிய பதிப்புத் தருவதை நிறுத்திவிட்டது.

திருத்தக் கொடுத்து வாங்கியபின் நீலத் திரையில் 48 இலக்கம் கேட்கிறது. திருத்தியவர் பூட்டிவிட்டாரா?

அவரைத் திட்டாதீர்கள். புதிய விண்டோஸ் 11 கணினிகளில் மைக்ரோசொப்ட் கணக்கால் நுழைந்த உடனே, உங்களுக்குச் சொல்லாமலே எஸ்.எஸ்.டி. மறைகுறியாக்கப்பட்டுவிடும், அதாவது திறப்பு இல்லாமல் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. மதர்போர்டை மாற்றினாலோ பயோஸைப் புதுப்பித்தாலோ கணினி தன் வீட்டை அடையாளம் தெரியாமல் திறப்புக் கேட்கும். அந்த 48 இலக்கம் கணினியை முதலில் தொடங்கியபோது கொடுத்த மைக்ரோசொப்ட் கணக்கில் இருக்கும். வேறொரு கணினியிலோ கைத்தொலைபேசியிலோ அந்தக் கணக்கில் நுழைந்து எடுக்கலாம்.

இங்கேதான் சிக்கல். அந்தக் கணக்கை யார் திறந்தது? பல வீடுகளில் கடைக்காரரின் பொடியன் தன் மின்னஞ்சலைப் போட்டு முடித்துக் கொடுத்திருப்பான். திறப்பு இல்லாவிட்டால் உள்ளே இருப்பதை என்னாலும் எடுக்க முடியாது, வேறு எவராலும் முடியாது. கணினியைக் கடையில் வாங்கும்போது உங்கள் சொந்த மின்னஞ்சலைப் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் அந்த 48 இலக்கத்தை ஒரு கொப்பியில் எழுதி, காணி உறுதி வைத்திருக்கும் பையிலேயே வைத்துவிடுங்கள்.